கமரா கேள்வி – பதில்: புது லென்ஸ் கையில் இருக்கிறது, வகுப்புக்கும் போகவேண்டுமா?

கேள்வி: சிறிய சென்சர் உள்ள டிஎஸ்எல்ஆர் கமராவுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். அம்மாவைக் கிட்ட நின்று எடுத்தால் ஒரு கண் தெளிவு, மற்றது மங்கல். மூடுபனியில் எடுத்த தேயிலை மலையெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி. லென்ஸில் பழுதா? பொழுதுபோக்காக எடுக்கும் நான் கொழும்பில் வார இறுதி வகுப்பில் சேரலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: பழுதாக இருக்காது. 1 மீற்றரில் நின்று எஃப் 1.8இல் (லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து) எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர்தான். முகம் சற்றே திரும்பியிருந்தாலும் தூரத்துக் கண் அதற்கு வெளியே போய்விடும். அரை மீற்றர் பின்னால் நகர்ந்து எஃப் 4 வையுங்கள் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்). ஆழம் 10 சென்ரிமீற்றரைத் தாண்டும், தலையும் தோளும் சட்டத்துக்குள் அழகாக அமையும். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தெரிவுசெய்து கிட்ட உள்ள கண்ணில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/125 செக்கனைவிட மெதுவாக இருக்கக் கூடாது. லயத்து வீட்டுக்குள்ளே இருட்டென்றால் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்வு அளவை) 1600க்கு ஏற்றத் தயங்க வேண்டாம். கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை, அசைந்த படத்தை எதனாலும் சரிசெய்ய முடியாது.

அப்படியும் சந்தேகமா? மேசையில் பத்திரிகையை விரித்து, கமராவைப் புத்தக அடுக்கில் சாய்வாக நிறுத்தி, எஃப் 1.8இல் ஒரு வரியில் ஃபோகஸ் செய்யுங்கள். வியூஃபைண்டரில் (கண்வைத்துப் பார்க்கும் துவாரத்தில்) ஒன்று, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஒன்று என்று சில முறை எடுங்கள். வியூஃபைண்டர் படத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் முன்வரியோ பின்வரியோ தெளிவாக விழுந்தால், உத்தரவாதக் காலத்துக்குள் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மூடுபனி வேறு கதை. எதைப் பார்த்தாலும் கமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியும் அப்படித்தான் கறுத்துப்போகிறது. எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ உதவும் +/– அமைப்பை) +1இல் வையுங்கள். வெறும் பனியில் ஆட்டோ ஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். நிழல் மரத்தின் அடிமரத்திலோ கிட்ட உள்ள தேயிலைச் செடியின் விளிம்பிலோ பிடியுங்கள்.

மங்கல் எல்லாமே குறையுமல்ல. மென்மையான ஃபோகஸில் முகங்களை எடுத்துப் பேர்பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தவர். அவரது கல்லறை உங்கள் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில்தான் இருக்கிறது.

வகுப்புக்கு இப்போதே காசு கட்டாதீர்கள். டயலை 'ஏ' அல்லது 'ஏவி'யில் (எஃப் எண்ணை நீங்களே தெரிவுசெய்யும் முறையில்) வைத்து, ஒரு மாதம் இந்த ஒரே லென்ஸால், ஒரே காட்சியை எஃப் 2, 4, 8 என்று மாற்றி எடுத்து ஒப்பிடுங்கள். அதன் பிறகும் விருப்பம் இருந்தால், சேருமுன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: மாணவர் எடுத்த படங்களை ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவாரா? பொத்தான்களையும் மெனுவையும் மட்டும் சொல்லித்தருவதானால், கமராவோடு வந்த கையேடே போதும். அதற்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

கேள்வி: பழைய லென்ஸ் ஒன்று வாங்கப் போகிறேன். எங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்குமா?
– வாசகர், அப்புத்தளை

பதில்: பிடிக்கும். வாங்குமுன் பின்பக்கமாக டோர்ச் அடித்துப் பாருங்கள்; சிலந்தி நூல்போல் கிளைவிட்டிருந்தால் வாங்க வேண்டாம். வீட்டில் காற்றுப்புகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறு ஈரப்பதமானியும் போட்டு, 40–50 சதவீதத்தில் வைத்திருங்கள். அரிசி வேண்டாம், அதன் தூசு லென்ஸுக்குள் போய்விடும். தோலுறையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்து வைத்திருப்பதே அதுதான்.