ஒரு நாணயம் எப்படி ஐந்தாகும்?

கேள்வி: என் ஐந்து வயது மகள் நூறு வரை தடையின்றிச் சொல்கிறாள். ஆனால் ஐந்து மதிப்புள்ள ஒரு நாணயத்தை விட, ஒன்று மதிப்புள்ள மூன்று நாணயங்களே அதிகம் என்று பிடிவாதம் செய்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் மகள் தவறு செய்யவில்லை, எண்ணக் கற்றதைத்தான் அப்படியே செய்கிறாள். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பழகிய குழந்தையிடம், கையில் இருப்பது ஒன்றுதான், ஆனால் அது ஐந்துக்குச் சமம் என்று சொல்வது உண்மையிலேயே பெரிய தாவல். ஒரே அளவு பொருள்களை இடைவெளி விட்டுப் பரப்பினாலே அவை கூடிவிட்டதாக இளங்குழந்தைகள் எண்ணுவதை உளவியலாளர் ஜான் பியாஜே விளக்கியிருக்கிறார்.

ஆகவே, முதலில் ஒன்று மதிப்புள்ள நாணயங்களை மட்டும் கொடுத்து, ஒவ்வொன்றையும் தொட்டு நகர்த்தி எண்ணச் செய்து, முடிவில் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணாமல் விடை சொன்னால், கடைசி எண்ணே மொத்தத்தைக் குறிக்கிறது என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு ஐந்து மதிப்புள்ள நாணயத்தை ஓர் அட்டையில் வைத்து, அதற்குக் கீழே ஐந்து புள்ளிகள் இட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு நாணயத்தை வைத்துப் பண்டமாற்று விளையாடுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். மீதிச் சில்லறைக் கணக்கு வெகுநாள் கழித்து வரட்டும்.

வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், விளையாட்டு முடிந்ததும் நாணயங்களை எண்ணி எடுத்து வையுங்கள். அவை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு.