முனைவர் பட்டத்துக்காக ஐந்தறை வீட்டை விற்கவேண்டாம்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் வேலையுறவுத் துறையில் (முதலாளி, தொழிலாளி உறவைப் பற்றிய படிப்பு) முதுகலை முடித்துவிட்டாள், அடுத்து முனைவர் பட்டம். "லண்டனில் பெயருள்ள இடமாகப் பார். காசில்லாவிட்டால் ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்குப் போங்கள்" என்கிறாராம் பெரிய மாமா. விற்கலாமா?

வேண்டாம் அம்மா. இங்கிலாந்தின் பல வணிகப் பள்ளிகளில் வெளிநாட்டு மாணவர் கட்டணமே ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டும். வாடகையும் சாப்பாடும் தனி. மசேநிதி (மத்திய சேமநிதி) கல்விக் கடன் இதற்குக் கிடைக்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின்மேல் ரொக்கக் கடனும் கிடைக்காது. அதனால்தான் பேச்சு விற்பதில் வந்து நிற்கிறது. மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்குக் குடும்பம் பணம் கட்டவே கூடாது. வேலைக்கு எடுக்கும்போது கேட்பது என்ன ஆய்வு, யார் வழிகாட்டி, எங்கே கட்டுரை வந்தது என்பதைத்தான்.

இங்குள்ள என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களின் உதவித்தொகை உங்களுக்கே தெரியும், விண்ணப்பிக்கட்டும். நம்மவர்கள் எட்டிப் பார்க்காத இடம் நெதர்லாந்து. அங்கே முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஊழியர்கள். கட்டணம் கிடையாது, சம்பளம் உண்டு. 2025 கூட்டு ஒப்பந்தப்படி முதலாண்டில் மாதம் 3,059 யூரோ, நான்காம் ஆண்டில் 3,881 யூரோ, வரிக்கு முன். அதற்குமேல் 8 விழுக்காடு விடுமுறைப் படி, 8.3 விழுக்காடு ஆண்டிறுதிப் படி. தொழிற்சங்கங்கள் பேசி வாங்கிய சம்பளம் இது. அவள் படிக்கும் பாடமே அவளுக்குச் சோறு போடுகிறது.

இடங்கள் வேலை விளம்பரமாகத்தான் வரும், ஆண்டு முழுவதும். 'அக்கடமிக் டிரான்ஸ்ஃபர்' தளத்தில் தேடவேண்டும். டில்பர்க் பல்கலைக்கழகத்தில் மனிதவள ஆய்வுத் துறை இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் தொழிலாளர் ஆய்வுக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. பெரும்பாலும் ஆய்வுத் தலைப்பை அவர்களே வகுத்திருப்பார்கள். கடிதத்தில் அந்தத் தலைப்புக்கு எந்தத் தரவை, எந்த முறையில் திரட்டுவாள் என்று எழுதவேண்டும். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். ஆய்வுமுறைப் பாடம் குறைவான முதுகலையும் தடையாகும்.

விளம்பரத்தில் சம்பளப் படிநிலை 'பி' (P) என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'வெளி ஆய்வாளர்' என்றிருந்தால் சம்பளம் இல்லை, விட்டுவிடலாம். முதல் ஒப்பந்தம் 12 அல்லது 18 மாதத்துக்குத்தான்; மதிப்பீட்டில் தேறினால் நான்காண்டு வரை நீளும்.

உணவு விநியோக ரைடர்களைப் பற்றி என்ன ஆராய்ச்சி, நிதித்துறைக்கு மாறட்டும் என்றும் மாமா சொல்கிறாராம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டெலிவரூ என்ற உணவு விநியோக நிறுவனத்தின் ரைடர்கள் ஊழியர்களே என்று நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 1 முதல் நம் சட்டமோ இத்தகைய ரைடர்களை ஊழியராகவும் வைக்காமல் சுயதொழில் செய்வோராகவும் விடாமல் தனி வகையாக்கியது. ஒரே வேலைக்கு இரண்டு நாட்டில் இரண்டு விடை. இரவு பத்து மணிக்கு உணவங்காடியில் ரைடர்களோடு உட்கார்ந்து பேட்டி எடுத்த பெண் அவள். இந்தக் கேள்வியைக் கையிலெடுக்க அவளைவிடப் பொருத்தமானவர் யார்? நான்காண்டு ஒரே விஷயத்தோடு வாழப்போவது அவள், மாமா இல்லை.

இடம் கிடைத்தால் விசாவுக்குப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கும். பிறப்புச் சான்றிதழுக்கு சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று) வாங்கி வையுங்கள். அங்கே நகராட்சியில் பதிவு செய்ய அது வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே வாடகை வீடு தேடத் தொடங்கட்டும். வீட்டுப் பஞ்சம் அங்கே கடுமை.