துறைமுகத்தின் கணக்கு சுற்றுச்சுவருக்கு வெளியேயும் இருக்கிறது: கேள்வி பதில்

சென்னை முதல் காட்டுப்பள்ளி வரையிலான துறைமுகங்களின் சுற்றுச்சூழல் திட்டமிடல் குறித்து வாசகர்கள் கேட்டவையும், கடற்கரைப் பொறியாளர் ஒருவர் அளித்த விடைகளும்.

இராயபுரம் வாசகர்: எங்கள் பகுதியில் நிலக்கரித் தூசி வெகுவாகக் குறைந்துவிட்டது. சென்னைத் துறைமுகம் பசுமைத் துறைமுகம் ஆகிவிட்டதாகக் கொள்ளலாமா ஐயா?

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாளக் கூடாது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது உங்களுக்குக் கிடைத்த நியாயமான விடுதலை. ஆனால் நிலக்கரி நின்றுவிடவில்லை. வடக்கே எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்துக்கு இடம் மாறியது. அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த கழிமுகத்தின் மீது இன்னொரு சுமை ஏறியது. ஒரு துறைமுகம் தன் எல்லைக்குள் மட்டும் அளந்து வெற்றி என்று அறிவித்துக்கொள்வதை என்னால் ஏற்க இயலாது. சென்னை, காமராசர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்றும் ஒரே கரையில், ஒரே காற்றுக்கும் ஒரே மணலோட்டத்துக்கும் உட்பட்டு நிற்பவை; மூன்றுக்கும் சேர்த்து ஒரே திட்டம் வகுக்கப்பட வேண்டும்.

திருவொற்றியூர் வாசகர்: எங்கள் கரை அரிக்கப்படுவதற்கும் துறைமுகத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே செல்லும் அளவே அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போக வேண்டிய மணல் தென்புறத்தில் தேங்கத் தொடங்கியது. இன்று நாம் காணும் மெரினாவின் அகலத்தில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததுதான். மணல் வரவு நின்றுபோன இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. அதைத் தடுக்கக் கல் கொட்டினோம், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் அமைத்தோம். ஒவ்வொரு வளைவும் தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு, அரிப்பை அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிடுகிறது.

தேங்கிய மணலைக் குழாய் வழியாகவோ தூர்வாரும் கப்பல் மூலமாகவோ எடுத்து, அரிக்கப்படும் கரையில் ஆண்டுதோறும் சேர்ப்பதே இதற்கு முறையான தீர்வு. இச்செலவை அரசின் பேரிடர் நிதியில் தள்ளிவிடாமல், துறைமுகத்தின் பராமரிப்புச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கப்பல்கள் வந்துபோகும் கால்வாயில் தூர்வாரிய மணலை, அது மாசற்றது என்று சோதித்த பின், ஆழ்கடலில் கொட்டாமல் கரைக்கே திருப்பித் தரவும் வழியுண்டு.

பொறியியல் மாணவி: துறைமுகங்களைப் பசுமையாக்குவதற்கான ஒன்றிய அரசின் 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல்கள் போதுமானவையா?

2023இல் வெளியான அந்த வழிகாட்டுதல்கள், ஒரு டன் சரக்கைக் கையாளும்போது வெளியாகும் கார்பனை 2030க்குள் 30 விழுக்காடும் 2047க்குள் 70 விழுக்காடும் குறைக்கச் சொல்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் 'ஒரு டன்னுக்கு' என்ற அளவைக் கவனியுங்கள். சரக்கு இருமடங்கானால், 30 விழுக்காடு இலக்கை எட்டிய துறைமுகமும் முன்பைவிட 40 விழுக்காடு கூடுதலாகவே கார்பனை வெளியிடும். ஆகவே மொத்த அளவுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். கார்பன் கணக்கில் மணலரிப்புக்கோ நண்டுக்கோ இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே மாணவி: தளத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தருவது?

அவசியம் தர வேண்டும். நின்றிருக்கும்போதும் விளக்கு, குளிரூட்டி, பம்புகளுக்காகக் கப்பலின் துணை இயந்திரங்கள் எண்ணெயை எரித்துக்கொண்டே இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் 2004லேயே ஒரு சரக்குப்பெட்டக முனையத்தில் இதைத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த மின்சாரம் பக்கத்து நிலக்கரி அனல்மின் நிலையத்திலிருந்து வருமானால், புகை கப்பலை விட்டு எண்ணூரின் புகைபோக்கிக்கு மாறியதாகவே ஆகும். காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கான ஒப்பந்தமும் உடன் வேண்டும்.

காட்டுக்குப்பம் மீனவர்: ஆற்றில் காக்கா ஆழி பரவி இறாலே கிடைப்பதில்லை. இதற்கும் துறைமுகம் பொறுப்பா ஐயா?

நீங்கள் காக்கா ஆழி என்று சொல்வது தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒரு கடல் மட்டி இனம். அது ஆற்றின் அடியில் கம்பளம்போல் படர்வதால் இறால் சேற்றில் புதைய இயலாமல் போகிறது. மஞ்சள் மட்டியும் அழிகிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அன்றாட வருமானமே போய்விடுகிறது. சரக்கின்றி வரும் கப்பல் நிலைதடுமாறாமலிருக்க நிரப்பிக்கொள்ளும் பேலஸ்ட் நீரில்தான் இத்தகைய உயிர்களின் நுண்ணிய இளம்பருவங்கள் கடல் கடக்கின்றன என்பதே வலுவான கணிப்பு. அந்நீரைச் சுத்திகரித்து வெளியேற்றக் கோரும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. துறைமுகம் கப்பல்களின் பேலஸ்ட் பதிவேட்டைச் சோதிப்பதோடு, தன் நீரில் எந்தெந்த உயிரினங்கள் உள்ளன என்பதையும் ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். புதிய உயிரினத்தை முதலில் கண்டறிபவர்கள் நீங்கள்தான். அந்தக் கணக்கெடுப்பில் மீனவருக்கு ஊதியத்துடன் கூடிய இடம் தரப்பட வேண்டும்.

எர்ணாவூர் வாசகர்: 2017 எண்ணெய்க் கசிவு போல மீண்டும் நிகழ்ந்தால் இப்போதாவது தயாராக இருப்போமா?

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' ஆகிய கப்பல்கள் மோதின. அம்மாதத்து நீரோட்டம் எண்ணெயைத் தெற்கே கொண்டுவந்து, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளிடையே உங்கள் ஊரில் சேர்த்தது. மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். எண்ணெய்க் கசிவை எதிர்கொள்வதற்கான தேசியத் திட்டத்தின்படி 700 டன் வரையிலான கசிவை எதிர்கொள்ளும் கருவிகள் துறைமுகத்திடமே இருக்க வேண்டும். கருவி இருப்பது மட்டும் போதாது: எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைத் தடுப்புகளை எத்தனை மணி நேரத்தில் கடலில் இறக்க முடிகிறது என்பதைப் பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்து, முடிவைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

மீஞ்சூர் வாசகர்: இதையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் எங்கே கேட்பது?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்துக்கு அனுமதி தருமுன் மக்களின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்; அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அனுமதி பெற்ற பின்னரும், நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் சமர்ப்பிப்பது திட்ட உரிமையாளரின் கடமை. அவை பொது ஆவணங்கள். தொடர்ந்து சில அறிக்கைகளைக் கேட்டு வாங்கி, காற்றுத் தூசி அளவையும் தூர்வாரிய மண் எங்கே கொட்டப்பட்டது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த விசாரணையில் அந்த எண்களையே முன்வைத்துக் கேளுங்கள்.