கொழும்புத் தொடர்மாடியில் முருகைத் தொட்டி: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நன்னீர் மீன் வளர்த்த அனுபவம் உண்டு. பவளங்களோடு மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை முதன்முறையாக அமைக்கப் போகிறேன். என்னென்ன உபகரணங்கள் தேவை? பணத்தை எதில் அதிகம் போட வேண்டும்?

பதில்:

ஹீற்றரை முதலில் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலை நீரைச் சூடாக்குவது, நம்முடைய கவலை அதைச் சூடேறாமல் காப்பது. கொழும்பில் முருகைத் தொட்டியைக் கொல்பவை இரண்டு: வெக்கையும் மின்வெட்டும். விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து இந்த இரண்டுக்கும் போடுங்கள். மற்றவற்றை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளலாம்.

நானும் வெள்ளவத்தைதான், காலி வீதிக்குக் கடல் பக்கம். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவித்தார்களே, அந்த நாட்களில் என் தொட்டிக்கு நான்கு வயது. வீட்டு இன்வேட்டரில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும்தான் இணைத்திருந்தோம். தொட்டியை இணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவில் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விரல் விரித்த கை போல நிற்கும் தோல் பவளம் சுருங்கி, வேகவைத்த காளான் போலச் சாய்ந்து கிடந்தது. அம்மா எவர்சில்வர் செம்பை எடுத்து வந்து, தேத்தண்ணீர் ஆற்றுவது போல நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார். இருவரும் மாறி மாறி விடியும்வரை ஊற்றினோம். பெரிய மீன் போய்விட்டது. சின்னது பிழைத்தது.

அன்று மீனைக் கொன்றது வெக்கை மட்டுமல்ல, ஒட்சிசன் இல்லாமையும்தான். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும், உப்புநீரில் இன்னும் குறைவு. அதோடு நீரோட்டமும் நின்றுவிட்டால் மேற்பரப்பு அசையாமல் எண்ணெய்ப் படலம் போல மூடிக்கொள்ளும். அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: முதல் உபகரணம் பற்றரியில் ஓடும் வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள் நீரை ஓட்டி அசைக்கும் சிறு பம்ப். நேர் மின்னோட்டத்தில் ஓடும் சிறிய வேவ்மேக்கருக்கு 10 வாட் போதும். 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லிதியம் பற்றரி அதை 15 மணி நேரமாவது ஓட்டும். வேவ்மேக்கர் 24 வோல்ட்டில் ஓடுவதானால் நடுவில் மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு கருவி ஒன்று வேண்டும். மின்சாரம் போனதும் தானாக மாறிக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் எப்போதும் வீட்டில் இருக்கப்போவதில்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் போனது. அப்போது நான் ஒரு கலியாண வீட்டில் இருந்தேன். வந்து பார்த்தபோது வேவ்மேக்கர் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மீன்கள் என்னைக் கண்டதும் சாப்பாட்டுக்காக முன் கண்ணாடிக்கு வந்தன.

இனி வெக்கை. நீரை 25 பாகையில் நிறுத்தச் சொல்வார்கள். நம் கடலே வருடத்தில் பெரும்பகுதி 27 பாகைக்கு மேல்தான் இருக்கிறது. அதனால் 26.5 அல்லது 27 பாகையில் நிலையாக வைத்தால் போதும், மின்கட்டணமும் குறையும். ஆனால் 30 பாகையைத் தொட விடாதீர்கள். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு உணவூட்டுவது. வெக்கை கூடினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 1998 இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப் பார்களிலும் நடந்தது இதுவே. கடலில் நடந்தது கண்ணாடித் தொட்டிக்குள் இன்னும் வேகமாக நடக்கும்.

குளிர்விக்க இரண்டு வழி. ஒன்று, நீர் மேற்பரப்பில் காற்றடிக்கும் சிறு மின்விசிறிகள். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், 200 லீற்றர் நீரை ஏறக்குறைய 3 பாகை குளிர்விக்கும் அளவு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. மழைக்கு முந்திய புழுக்கத்தில் மின்விசிறி ஏறக்குறையக் கைவிட்டுவிடும். வீட்டினர் பகலிலும் ஏசி போடும் அறையில் தொட்டி இருந்தால் மின்விசிறியோடு சமாளிக்கலாம். இல்லையென்றால் இரண்டாவது வழி, நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் வாங்கத்தான் வேண்டும். உங்கள் அளவுக்குப் பத்தில் ஒரு குதிரைவலு போதும்.

சில்லரை அலுமாரிக்குள் மறைத்து வைக்காதீர்கள். அழகுக்காகப் பலர் இதைச் செய்கிறார்கள். நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அது பின்பக்கம் கக்குகிறது. மூடிய பெட்டிக்குள் அந்த வெப்பம் மறுபடி சம்ப் (தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் வைக்கும் துணைத் தொட்டி) நீருக்கே திரும்பும். இயந்திரம் ஓயாமல் ஓடும், நீரும் குளிராது. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்றோட்டமுள்ள பக்கம் வையுங்கள். முடிந்தால் சூடான காற்று பல்கனிப் பக்கம் போகட்டும்.

மின்கட்டணத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். என் தொட்டியில் விளக்கு 90 வாட், நாளுக்கு ஒன்பது மணி நேரம். நீரைத் திரும்ப ஏற்றும் பம்ப் 25 வாட், வேவ்மேக்கர்கள் இரண்டும் சேர்ந்து 20, அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் 15, மூன்றும் இரவு பகலாக ஓடும். இவையெல்லாம் மாதத்துக்கு 70 அலகுக்குள் அடங்கும். சில்லர் மட்டும் தனியாக 60 அலகு. இதுவரை 100 அலகு பாவித்த வீடு 230 ஐ நெருங்கும். அலகுகள் கூடக் கூட விலைப் படியும் ஏறும், 180 ஐத் தாண்டினால் உயர்ந்த படி. மாதாந்தம் இது தாங்குமா என்று வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு தொட்டிக்கு முற்பணம் கொடுங்கள்.

தொட்டி 36 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம் என்றால் ஏறக்குறைய 190 லீற்றர் பிடிக்கும். கண்ணாடி, கல், மணல், சம்ப் எல்லாம் சேர்ந்து 300 கிலோ வரும். சுவரோரமாக, தூணுக்கோ பீமுக்கோ அருகில் வையுங்கள், அறையின் நடுவில் வேண்டாம். உங்கள் பகுதியின் கடற்காற்றில் இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வருடத்தில் செதில் செதிலாக உதிரும், சிப்போர்ட் அலுமாரி ஊறிப் பருக்கும். கனமான அலுமினியச் சட்டத்திலோ நல்ல மரத்திலோ செய்வியுங்கள். மொரட்டுவைத் தச்சரிடம் சொல்லி நான் தேக்கில் செய்வித்தேன். இன்றுவரை அசையவில்லை.

சம்ப் வைப்பதானால் ஒரு கணக்கை மறக்காதீர்கள். மின்சாரம் போனதும் மேல் தொட்டியின் நீர், குழாய் வாய் மட்டம் வரை கீழே இறங்கும். உங்கள் தொட்டியில் ஒவ்வோர் அங்குல நீரும் பத்தரை லீற்றருக்குச் சற்று மேல். சம்பில் அதற்கான வெற்றிடம் எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ்மாடிக்காரரின் கூரையில் உப்புநீர் சொட்டும். திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிட்டால், மட்டம் இறங்கியதும் காற்றை இழுத்து ஓட்டத்தை நிறுத்திவிடும். அந்தத் துளையை நத்தை அடைத்துக்கொள்ளும், வாராவாரம் பாருங்கள்.

நீரை நுண்சவ்வு வழியே அழுத்திச் சுத்தமாக்கும் ஆர்ஓ கருவி கட்டாயம். நம் குழாய்நீர் குடிக்க நல்லதுதான், ஆனால் குளோரின் கலந்தது. தொடர்மாடியில் அது மேல் தாங்கியிலும் பழைய குழாய்களிலும் ஊறி வருகிறது. செம்பு துளியளவு கலந்தாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. மாடிகளில் நீரழுத்தம் குறைவு என்பதால் அழுத்தம் கூட்டும் பம்ப் உள்ள கருவியாக வாங்குங்கள். கடைசிக் கட்டத்தில் அயனிகளை நீக்கும் பிசின் இருக்கட்டும். நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீற்றர் 0 காட்ட வேண்டும். ஒரு லீற்றர் நல்ல நீருக்கு மூன்று நான்கு லீற்றர் கழிவாகப் போகும். எங்கள் வீட்டில் அதை வாளியில் பிடித்து உடுப்புத் தோய்க்கிறோம்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, ஒரு கேனில் மொண்டு வரலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நகரத்தின் கால்வாய்கள் வந்து விழும் இடம் அது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் குவிந்ததையும் பார்த்தோம். உப்புப் பொடி வாங்கிக் கலக்குங்கள். முதல் நிரப்புக்கு ஏழு எட்டு கிலோ, பிறகு வாராந்தம் 20 லீற்றர் மாற்ற முக்கால் கிலோ. உப்புச் செறிவு ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டும். அதை அளக்க ரிஃப்ராக்டோமீற்றர் வாங்குங்கள், மிதக்கும் மலிவு மானியை நம்ப வேண்டாம்.

ஆவியான நீரைத் தானாக ஈடுசெய்யும் கருவியையும் முதலிலேயே வாங்குங்கள். மின்விசிறி ஓடும் தொட்டியில் நாளுக்கு மூன்று நான்கு லீற்றர் மறையும், உப்பு மட்டும் அப்படியே நிற்கும். மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தால் 35 என்றிருந்தது 37 ஆகிவிடும். ஈடுசெய்வது நன்னீரால், உப்புநீரால் அல்ல. புதியவர்கள் இதில் தவறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. ஸ்கிம்மர் தொட்டியைப் போல இருமடங்கு கொள்ளளவுக்கு உரியதாக இருக்கட்டும். அது அழுக்கை நுரையாக எடுப்பதோடு நீருக்குக் காற்றும் ஊட்டும். மென்பவளங்களுக்கு நடுத்தர எல்இடி விளக்கு தாராளம். அமோனியா, நைத்திரேற்று, பொஸ்பேற்று, காரத்தன்மை ஆகிய நான்குக்கும் சோதனைப் பொதி வேண்டும். யூவி, ரியாக்டர், டோசிங் பம்ப் போன்ற மேலதிகக் கருவிகள் எதுவும் முதல் வருடம் வேண்டாம். தொட்டியின் சுற்றுக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடுவியுங்கள். பிளக் பலகை நீர்மட்டத்துக்கு மேல், சம்ப் அலுமாரிக்கு வெளியே இருக்கட்டும். உப்புநீர் வயர் வழியே வழிந்து பலகைக்குள் போகாதபடி ஒவ்வொரு வயரும் ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறட்டும்.

உயிர்கள் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். நம் கடலின் கல் பவளங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து உடைத்து வந்ததை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். கரையில் முருகைக்கல்லும் பொறுக்காதீர்கள். வளர்ப்புத் தொட்டியில் பெருக்கி வெட்டிய காளான் பவளம், தோல் பவளத் துண்டுகள் வளர்ப்பவர்களிடையே கைமாறுகின்றன, அவற்றிலிருந்து தொடங்குங்கள். மீனும் பண்ணையில் பொரித்த கோமாளி மீனாக இருக்கட்டும். வயிற்றுத் துடுப்பு கறுப்பான ஒரு வகைக் கோமாளி மீன் உலகில் மாலைதீவு, இலங்கை சார்ந்த நம் பக்கக் கடலில்தான் உண்டு. அதை அதன் கடலிலேயே விட்டுவிடுவோம்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் உடனே உப்பைக் கரைக்காதீர்கள். முதலில் வெறும் குழாய்நீரை நிரப்பி இரண்டு நாள் ஓட விடுங்கள். பிறகு ஒரு மத்தியான வேளையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கதிரையைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருங்கள். சம்ப் நிரம்பி வழிகிறதா, வேவ்மேக்கர் பற்றரிக்கு மாறுகிறதா, மூன்று மணி நேரத்தில் வெப்பநிலை எத்தனை பாகை ஏறுகிறது என்று எழுதிவையுங்கள். மீண்டும் சுவிட்சைப் போடும்போது பம்ப் தானாகத் தொடங்குகிறதா என்றும் பாருங்கள், சில பம்புகள் தொடங்காது. இதெல்லாம் சரி என்றால் நீரை வடித்துவிட்டு, ஆர்ஓ நீரில் உப்பைக் கரைத்து நிரப்புங்கள். கல்லில் பக்டீரியா ஊன்றி, அமோனியா 0 காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீன் கடைப் பக்கம் போகாதீர்கள்.