நட்சத்திரம் உடுத்தியது நமக்குச் சரிவருமா?

இந்தக் கிழமைத் தபாலில் பாதிக்கு மேல் சாறியும் சட்டையும்தான். நடிகைகளின் படத்தைக் கத்தரித்து ஒட்டி, "இதே மாதிரி வேணும்" என்று எழுதியவர்கள் பலர். படத்துக்கு உடுப்பதற்கும் பந்திக்கு உடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜாக்குலின் பெர்னாண்டஸை இந்தியப் பத்திரிகைகள் இந்திய நடிகை என்கின்றன. நம்மவர்கள் எங்கட பிள்ளை என்கிறார்கள். எது சரி?
*தெஹிவளை வாசகர்*

பிறந்தது பஹ்ரெயினில். தகப்பன் இலங்கையர், தாய் மலேசியர். 2006இல் மிஸ் யூனிவர்ஸ் மேடையில் இலங்கை என்ற பட்டியைப் போட்டுக்கொண்டு நின்றார். பெயர் எடுத்தது இந்திப் படங்களில். படம் ஓடினால் எங்கட பிள்ளை, ஓடாவிட்டால் இந்திய நடிகை. நடைமுறையில் உள்ள விதி அதுதான்.

சமந்தா தன் கலியாணக் கவுனைக் கறுப்பாக மாற்றி உடுத்தியதைப் பார்த்ததில் இருந்து ஒரே யோசனை. அம்மாவின் கூறைச் சாறி 28 வருசமாக அலுமாரியில் கிடக்கிறது. அதற்குக் கறுப்புச் சாயம் போட்டு, வெட்டி, தம்பியின் கலியாண வரவேற்புக்கு லெஹெங்காவாகத் தைக்கலாமா? அம்மாவுக்குச் சம்மதம். அம்மம்மாதான் "கூறையில கத்தரிக்கோல் வைக்காத" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.
*கொட்டாஞ்சேனை வாசகி*

அம்மம்மா சாத்திரத்துக்காகச் சொல்கிறார். நாங்கள் துணிக்காகச் சொல்கிறோம். பதில் என்னவோ ஒன்றுதான்.

சமந்தாவின் கதையை முதலில் சரியாகப் பார்ப்போம். 2017இல் கோவாவில் நடந்த திருமணத்துக்கு உடுத்திய வெள்ளைக் கவுன் அது. 2024 ஏப்ரலில் அதைக் கறுப்பாக்கி, தோள்பட்டை இல்லாத உடுப்பாக மாற்றியவர், முதலில் அதை வடிவமைத்த அதே கிரேஷா பஜாஜ். எந்தத் தையலுக்குள் என்ன துணி இருக்கிறது, எதைப் பிரித்தால் எது உதிரும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் தையற்காரருக்கு அம்மாவின் கூறையைப் பற்றி அப்படி ஒன்றும் தெரியாது.

சாயத்தை மறந்துவிடுங்கள். பட்டில் சாயம் ஒழுங்காகப் பிடிக்க, தண்ணீர் கிட்டத்தட்ட 85 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பட்டு கறுக்கும், சரிகை கறுக்காது; மங்கிப் பழுப்படிக்கும். அத்தோடு, கோர்வைச் சாறியில் கரையும் உடலும் தனித்தனியாக நெய்து இணைத்தவை. சூட்டில் இரண்டும் ஒரே அளவாகச் சுருங்காது. இணைப்பு நெடுகச் சுருக்கம் விழுந்தால் பிறகு எவ்வளவு மினுக்கினாலும் போகாது.

அடுத்தது துணிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. வருசக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பில்தான் முதலில் விடும். சாறியை விரித்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்புக் கோட்டில் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வந்தால் அந்த இடம் பலமில்லை. பிறகு கோட்டின் இரு பக்கமும் பெருவிரலை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். சின்னதாக நெரிகிற சத்தம் கேட்டாலோ நூல் விலகினாலோ, உடம்போடு ஒட்டித் தைக்கும் எதற்கும் அது உதவாது. இடுப்பில் செருகும் பகுதியையும் தலைப்பில் பின் குத்திய இடத்தையும் தவறாமல் பாருங்கள். வியர்வையும் ஊசியும் அதிகம் தின்ற இடங்கள் அவை.

தேறிவிட்டால், கத்தரிக்கோலே வைக்காமல் லெஹெங்காத் தோற்றம் எடுக்க வழி இருக்கிறது. சாறி ஐந்தரை மீற்றர். உள்தலைப்பில் இருந்து மூன்றரை மீற்றரைக் கொய்யகமாக மடித்து இடுப்புப் பட்டியில் பிடியுங்கள். மீதி இரண்டு மீற்றரும் தலைப்போடு சேர்ந்து, இடுப்பைச் சுற்றி மார்பின் குறுக்கே ஏறித் தோளில் விழும். தாவணி போட்ட மாதிரி இருக்கும். மூன்றரை மீற்றர் என்பது 138 அங்குலம். இடுப்பு 32 என்றால் பட்டியின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நாலேகால் அங்குலத் துணி போகிறது. சுருக்கு வைத்தால் இடுப்பு மூட்டை கட்டிய மாதிரி வீங்கும். ஒரே பக்கம் படிகிற தட்டை மடிப்பாகவே வையுங்கள். சாறியின் அகலம் 46 முதல் 48 அங்குலம், உங்களுக்கு வேண்டிய உயரம் 40 அல்லது 42. மிஞ்சுவதை வெட்டாமல் மேற்பக்கத்தில் உள்ளே மடித்து விடுங்கள். இடுப்பு கொஞ்சம் தடிக்கத்தான் செய்யும். பிறகு பிரித்தால் சாறி சாறியாகவே திரும்பி வரும், அதற்கான விலை அது.

தையற்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை: 11ஆம் இலக்க மெல்லிய ஊசி, ஏனென்றால் தடித்த ஊசியின் துளை பட்டில் மூடாது. தையல் நீளம் 3 மில்லிமீற்றர், பொடித்தையல் வேண்டாம். பட்டியும் உள்பாவாடையும் பருத்தி. அதைத் தைக்க முதல் ஒருக்கால் தோய்த்துக் காய வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே அது சுருங்கிப் பட்டுத் துணியை இழுக்கும். மினுக்குவது பின்பக்கத்தில், மேலே பருத்தித் துணி போட்டு, நடுத்தரச் சூட்டில். தண்ணீர் தெளிக்கக் கூடாது, பட்டில் பொட்டுப் பொட்டாகக் கறை நிற்கும்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் இந்தி நடிகை அலியா பட்டின் வழி இருக்கிறது. 2022 ஏப்ரலில் கலியாணத்துக்கு உடுத்திய சாறியையே 2023 ஒக்டோபரில் தேசிய விருது வாங்கப் போகவும் உடுத்தினார். அது பெரிய புரட்சி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆடிவேலுக்குக் கூறை கட்டிப் போகும் எங்கள் அம்மாமாருக்கு இந்தச் செய்தியை வாசித்துக் காட்டினால் என்ன சொல்வார்களோ! புதுச் சட்டை ஒன்று மட்டும் தைத்து அம்மாவின் கூறையை அப்படியே கட்டுங்கள். சட்டையைச் சாறியின் நிறத்தில் தேடி அலையாதீர்கள். 28 வருசத்தில் சிவப்பு மாறியிருக்கும், கடைத்துணியோடு ஒருநாளும் ஒத்துவராது. பழம்பொன் நிறமோ கடும்பச்சையோ போதும்.

வெள்ளவத்தைக் கடையொன்றில் "நயன்தாரா கலியாணச் சாறி, அசல் காஞ்சிபுரம்" என்று சிவப்புச் சாறி காட்டினார்கள். நம்பி வாங்கலாமா?
*வெள்ளவத்தை வாசகி*

சாறி நல்லதாகவே இருக்கலாம், பெயர்தான் பிழை. 2022 ஜூன் 9ஆம் திகதி மாமல்லபுரத்தில் நயன்தாரா உடுத்தியது காஞ்சிபுரம் அல்ல. மும்பையின் ஜேட் நிறுவனம், ஹொய்சளக் கோயில் சிற்பங்களைப் பார்த்துக் கையால் பூவேலை செய்த சாறி. தறியில் நெய்த சாறியை அதே சாறி என்று எவராலும் விற்க முடியாது. நடிகையின் பெயர் ஒட்டினால் விலை ஏறும், அவ்வளவுதான்.

பெயரை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள். தலைப்பு ஓரத்துக் குஞ்சத்தில் இருந்து ஒரு சரிகை இழையைக் கேட்டு வாங்கி நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. வெள்ளி இழையைச் சிவப்புப் பட்டில் சுற்றி முலாம் பூசுவதுதான் பழைய முறை. உள்ளே வெள்ளை நூலோ பிளாஸ்டிக் நாடாவோ வந்தால் அது வெறும் மினுக்கு. துணி நூல் ஒன்றை எரித்தால் பட்டு தலைமயிர் எரிகிற மணம் தரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இந்திய 'சில்க் மார்க்' முத்திரை இருந்தால் பட்டுக்கு உத்தரவாதம். சரிகைக்கு அல்ல, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இழை தர மறுக்கிற கடையில் அந்த விலையில் சாறி எடுக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு: பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையைத் தொடக் கூடாது, வாசனைத் திரவியம் அடிப்பது சாறி கட்ட முதல். கடல் காற்றும் வியர்வையும் வெள்ளியைக் கறுக்க வைக்கும் ஊரில் இருக்கிறோம்.

நியூயோர்க்கின் மெட் காலா விழாவில் அலியா பட் கட்டிய சாறிக்கு 23 அடி வால். என் வரவேற்புச் சாறிக்கு ஒரு 10 அடியாவது வைக்கலாமா?
*பம்பலப்பிட்டி வாசகி*

2024இல் அவர் கட்டிய வடிவமைப்பாளர் சப்யசாச்சியின் அந்தச் சாறியில் 163 பேர் 1,965 மணித்தியாலம் வேலை செய்ததாகச் சொன்னார்கள். ஆளுக்குச் சராசரி 12 மணித்தியாலம். அதை விடுங்கள், படிக்கட்டில் அவருக்குப் பின்னால் வாலைத் தூக்கி விரித்துச் சரிசெய்ய ஆட்கள் நின்றார்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கப் போவது மாமிமாரும், கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஓடுகிற பிள்ளைகளும்.

10 அடி வேண்டாம். ஐந்து அடி, அதுவும் கழற்றக்கூடியதாக. மெல்லிய வலைத் துணியில் (நெற்) தைத்து, தோளில் இரண்டு, இடுப்பில் மூன்று கொழுக்கியால் மாட்டுங்கள். உள்ளே நுழையும்போது ஒரு படம், பிறகு கழற்றி மடித்து வைத்துவிட்டு மேடை ஏறலாம். சாறித் தலைப்போடு சேர்த்துத் தைக்காதீர்கள். யாராவது மிதித்தால் இழுபடுவது தோளில் குத்திய ஊசி, கிழிவது தலைப்பு.

பிராடா காட்டிய செருப்பைப் பற்றி இவ்வளவு சண்டை ஏன்? கோலாப்பூரிச் செருப்பு கொழும்புக்கு உதவுமா?
*மட்டக்குளி வாசகர்*

2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலானில் நடத்திய ஆண்கள் உடுப்புக் காட்சியில் கோலாப்பூரியை உரித்து வைத்த மாதிரிச் செருப்பு வந்தது. அதை வெறும் தோல் செருப்பு என்றார்கள், எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் எட்டு மாவட்டங்களுக்கு 2019இலேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்த பொருள் அது. சத்தம் எழும்பிய பிறகுதான் பிராடா ஒத்துக்கொண்டது. கோபம் நியாயமானது, கோபித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலாளரிடம் ஒரு சோடி வாங்கியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

கொழும்பில் போடலாம், மழை நாளில் வேண்டாம். தோல் ஈரத்தில் ஊதும், அடித்தட்டு பிரியும். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், வெடிக்கும். பேப்பரில் சுற்றி நிழலில் இரண்டு நாள். புதுசு கடித்தால் பட்டிகளில் இரவில் கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் தடவி வையுங்கள்.

நடிகைகள் போடுகிற மாதிரி முதுகு ஆழமான சட்டை தைத்தேன். தோளில் நிற்கவே இல்லை, கலியாண வீடு முழுக்க இழுத்து இழுத்து விட்டேன். அவர்களுக்கு மட்டும் எப்படி நிற்கிறது?
*வத்தளை வாசகி*

இரு பக்கமும் ஒட்டும் பட்டியை உடம்பிலும் துணியிலும் ஒட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் சரிசெய்ய ஓராள். குளிரூட்டிய அறையில் அது நிற்கும். வியர்த்தால் அரை மணித்தியாலத்தில் கழன்றுவிடும்.

உங்கள் சட்டையின் பிழை வெட்டில் இருக்கிறது. முன்கழுத்தும் பின்கழுத்தும் சேர்ந்து ஆழமானால் தோளைப் பிடித்து வைக்க ஒன்றும் மிஞ்சாது. பின்னால் 9 அங்குலம் இறக்கினால் முன்னால் 6க்கு மேல் இறக்க வேண்டாம். கழுத்தின் அகலத்தை வழக்கமான அளவை விட அரை அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள்; முதுகு திறந்தவுடன் அது தானாகவே விரியும். முதுகுக் கயிறு வடிவுக்கு அல்ல, வேலைக்கு. பிடரியில் இருந்து இரண்டு அங்குலம் கீழே வந்தால்தான் தோள்களை உள்ளே இழுக்கும். பலர் அதை நடு முதுகில் தொங்கவிட்டுப் படத்துக்குப் போஸ் கொடுக்கிறார்கள்.

ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) செய்த சட்டை என்றால் இன்னொன்று. வேலை செய்த துணி சுருங்கும். அளவு குறித்து வெட்டிய பிறகு பூவேலைக்குக் கொடுத்தால் கட்டாயம் இறுகும். வெட்டாத துணியில் கோடு போட்டு வேலை செய்வித்து, பிறகே வெட்ட வேண்டும். பக்கத் தையலில் இரு பக்கமும் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். கக்கத்தில் மணியும் குந்தனும் வேண்டாம், அங்கே மெல்லிய பருத்தித் துண்டு வைத்துத் தைத்தால் தோலும் உரியாது, சாறியின் இழையும் இழுபடாது. கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முதல் போட்டுப் பாருங்கள். முதல் நாள் போட்டுப் பார்ப்பவர்களுக்கு எங்களிடம் மருந்து இல்லை.

போன தடவைச் சட்டையை எறிய வேண்டாம். பிடரிக்குக் கீழே ஒரு கயிறு சேர்த்து, தோள் தையலை வெளிப்பக்கமாகக் கால் அங்குலம் ஏற்றினால் பெரும்பாலும் சரிவரும்.

மகள் லபுபு பொம்மை வேணும் என்று அழுகிறாள். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுக்கட்டா?
*கிராண்ட்பாஸ் வாசகி*

ஹொங்கொங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங் 2015இல் வரைந்த பாத்திரம். சீனப் பொம்மை நிறுவனம் பொப் மார்ட் 2019 முதல் விற்கிறது. 2024இல் பிளாக்பிங்க் என்ற கொரியப் பாடகர் குழுவின் லிசா கைப்பையில் தொங்கவிட்டதோடு ஊரெல்லாம் பிடித்துவிட்டது. பொம்மையின் பல்லை எண்ணுங்கள், உண்மையானதற்கு 9. நடைபாதையில் தொங்குவதில் எட்டும் இருக்கும், பத்தும் இருக்கும். மகள் பெரியவள் என்றால் போலி என்று தெரிந்துகொண்டே வாங்கிக் கொடுக்கலாம், குற்றமில்லை. வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வேண்டாம். கடையிலேயே கண்ணையும் காலையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது வாய்க்குள்ளும் போகும்.