கல்லூரியில் செய்த செயலி யாருக்குச் சொந்தம்?
ஈரோடு மஞ்சள் விலை காட்டும் செயலியை நால்வர் சேர்ந்து புராஜெக்டாகச் செய்தோம், பிளே ஸ்டோரில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமா விடுங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நிரல் (கோடு) எழுதியவரே முதல் உரிமையாளர். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்ல, அதனால் உரிமை தானாகக் கல்லூரிக்குப் போகாது. ஆனால் சேரும்போது கையெழுத்திட்ட தாளில் உரிமையைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறும். முதலில் அதைப் படியுங்கள். உங்கள் நால்வருக்குள்ளும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இப்போதே எழுதி வையுங்கள்.

அப்புறம், பிறர் எழுதிய நிரலைச் செயலியில் சேர்த்திருந்தால், அது எந்த உரிமத்தில், அதாவது எந்தப் பயன்பாட்டு நிபந்தனையில், வெளியானது என்று பாருங்கள். எம்ஐடி (MIT) என்ற தளர்வான உரிமம் என்றால் அந்த உரிம வாசகத்தைச் செயலியில் சேர்த்தால் போதும். ஜிபிஎல் (GPL) என்ற கட்டுப்பாடுள்ள உரிமம் என்றால், செயலியைப் பெறுபவர்களுக்கு உங்கள் மூல நிரலையும் (நீங்கள் எழுதிய கோடையும்) தர வேண்டிவரும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உரிமமே குறிப்பிடாமல் கிடப்பதைத் தொடாதீர்கள், அதற்கு அனுமதி இல்லை என்றே அர்த்தம்.

விவசாயிகளின் போன் எண்ணை வாங்கினால், எதற்கென்று தமிழிலேயே சொல்லிச் சம்மதம் கேளுங்கள்.