சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறிக்காதீர்கள்

வணக்கம் தம்பி. புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சி அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் சிங்களம் படிப்பதாகவும், கொப்பியில் ‘படு’, ‘பல’ என்று கண்டதும் தமிழ்ப் பொருளே முந்திக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குறை உங்கள் நினைவாற்றலில் இல்லை. சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருப்பதுதான் சிக்கல்.

‘அப்பம்’, ‘அம்பு’ இரண்டிலும் ஒலி வேறு, ஆனால் நமக்கு ஒரே ‘ப’. சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ‘பட்டு’, ‘வண்டு’ ஆகியவற்றில் வரும் டகரமும் அப்படியே. ஆகவே உங்கள் கொப்பியின் ‘படு’ பொருட்களையும் குறிக்கலாம், ஒடுக்கமானது என்றும் பொருள்படலாம். ‘கிரி’ என்றால் பாலா, மலையா? ‘பல’ என்றால் வலிமையா, பலனா? சிங்கள எழுத்தில் எழுதினால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தானாக ஒழிந்துவிடும். தொடக்கத்தில் கை தடுமாறும், விட்டுவிடாதீர்கள்.

எஞ்சுபவை உண்மையான தற்செயல்கள். சிங்கள ‘எளிய’ என்றால் வெளிச்சம். எழுத்துக்கு எழுத்து நம்முடைய ‘எளிய’ தான். நுவரெலியாவின் பின்பாதி அதுவே. மணலாற்றுக்கு இட்ட வெலிஓயா என்ற பெயரில் ‘வெலி’ மணல், வேலியும் அல்ல, வெளியும் அல்ல. இத்தகைய சொற்களைத் தனியாக மனனம் செய்யாமல், அலுவலகத்தில் உண்மையில் பேசக்கூடிய ஒரு வாக்கியத்தோடு சேர்த்தே படியுங்கள்.

பாண், மேசை, அலுமாரி ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டாம். இரு மொழிகளும் அவற்றைப் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்துக்கொண்டன, பொருள் மாறாது.